டீக்கடை பெஞ்சில் கிளப் சண்டை போடுவது எப்படி

சனிக்கிழமை ராத்திரி டிவியில் இங்கிலாந்து ஃபுட்பால் மேட்ச் முடிந்த கையோடு டீக்கடைக்கு வந்து, எதிர் கிளப்காரனிடம் வாய் கொடுத்து, நாலாவது நிமிஷத்தில் பதில் வராமல் "உனக்கு ஃபுட்பால் பத்தி என்னடா தெரியும்" என்று கத்திவிட்டு எழுந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி எழுந்து போனவன்தான்.

ஒரு நோன்பு மாதம், தராவீஹ் தொழுகை முடிந்து கீழக்கரைத் தெருவெல்லாம் பகல் மாதிரி இருக்கும் நேரம். பெஞ்சில் எட்டுப் பேர். பத்தாவது படிக்கும் பொடியன் ஒருத்தன் என்னிடம், "காக்கா, உங்க யுனைடெட்டை இப்ப இருக்கிற ஓனர் எப்படி வாங்குனாருன்னு தெரியுமா?" என்று கேட்டான். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். எனக்குப் பதில் தெரியவில்லை. 2007லிருந்து மான்செஸ்டர் யுனைடெட் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். அவன் இரண்டே நிமிஷத்தில் எல்லோருக்கும் விளக்கிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு சஹர் சாப்பாட்டு நேரம் வரைக்கும் போனை வைத்துக்கொண்டு படித்தேன். அப்போது பிடிபட்டது இதுதான்: அடுத்தவன் கிளப்பின் அழுக்கைத் தெரிந்து வைத்திருப்பது பாதி வேலைகூட இல்லை. நம் கிளப்பின் அழுக்கு முழுவதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை அவன் எடுப்பதற்கு முன்னால் நாமே அவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் அவன் கையில் எறியக் கல் இருக்காது.

முதல் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள்

"நீ எப்படி இந்த கிளப் ஆன?" இதில்தான் சண்டை தொடங்கும், இதில்தான் எல்லோரும் பொய் சொல்வார்கள். ஆட்ட நுணுக்கம் பிடித்தது, பயிற்சியாளரின் கொள்கை பிடித்தது என்றெல்லாம் அளப்பார்கள். என் கதை இது: 2007ல் துபாயிலிருந்து வந்த மாமாவின் பெட்டியில் கோடாலித் தைலம், டேங் பொடி, அவற்றுக்கு நடுவில் ஒரு சிவப்புச் சட்டை, முதுகில் ரொனால்டோ 7. டூப்ளிகேட்தான். முதல் சலவையில் அந்த 7ல் பாதி உரிந்துவிட்டது. பெட்டியில் நீலச் சட்டை இருந்திருந்தால் நான் இன்றைக்கு செல்சி. இதை நானே சொல்லிவிடுவதால் யாரும் என்னை இந்த இடத்தில் மடக்க முடிவதில்லை.

பாம்பனில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், லிவர்பூல். அவர் கதை என்னுடையதைவிட நன்றாக இருக்கும். 2005 மே மாதம், மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கிறது, வேலை இல்லை, தூக்கமும் இல்லை. நடுராத்திரி இஸ்தான்புல் ஃபைனல். பாதி ஆட்டத்தில் மிலன் 3–0. கூட இருந்தவர்கள் எல்லாம் படுக்கப் போய்விட்டார்கள், இவர் மட்டும் டிவியை அணைக்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்திருந்தார். ஆறே நிமிஷத்தில் மூன்று கோல், அப்புறம் பெனால்டியில் கப். "கடல்ல போயிருந்தா நான் எவனோ ஒருத்தன் ஃபேனா இருந்திருப்பேன்" என்பார்.

அடுத்து வருவது "ஜெயிக்கும்போது வந்து ஒட்டிக்கொண்டவன்" என்ற வசவு. எப்போது வந்தாய் என்று கேட்டால், எந்த வருஷம் போகாமல் இருந்தேன் என்று பதில் சொல்லுங்கள். யுனைடெட்காரனுக்கு இப்போது இது சுலபம்: கடைசியாக லீக் ஜெயித்தது 2013, பயிற்சியாளர் ஃபெர்குசன் போன வருஷம். 2024–25 சீசனில் 15வது இடம், அதே சீசனில் யூரோப்பா லீக் ஃபைனலில் டாட்டன்ஹாமிடம் தோல்வி. லிவர்பூல்காரனுக்கு 1990லிருந்து 2020 வரை முப்பது வருஷக் காத்திருப்பு. ஆர்சனல்காரன் 2004ல் லீக் ஜெயித்ததைச் சொல்லிச் சொல்லியே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். 49 ஆட்டம் தோற்காமல் போனதை அவன் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள், பாவம், சொல்லி முடிக்கட்டும்.

ஆளைப் பார்த்து கிளப் மாறுகிறவன் தனி ஜாதி. ரொனால்டோ 2009ல் மாட்ரிட் போனபோது மாட்ரிட், 2018ல் ஜுவென்டஸ், 2021ல் திரும்ப யுனைடெட், 2023ல் அல் நஸ்ர். மெஸ்ஸி பின்னாலேயே பார்சிலோனா, பாரிஸ், மயாமி என்று போனவர்களும் உண்டு. இவர்கள் தப்பு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவர்களிடம் கிளப் வரலாறும் ஓனர் கணக்கும் பேசி டீயை ஆறவிடாதீர்கள்.

வரலாறு: கூறா, எடையா

மீன் ஏலத்தில் கூறு போட்டு விற்கிறார்களா, எடை போட்டு விற்கிறார்களா என்று தெரியாமல் விலை பேசுகிறவனை என்ன சொல்வோம்? வரலாறு பேசும்போதும் அதேதான். எந்த அளவு என்று முதலில் ஒத்துக்கொண்டு விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் விடிய விடியப் பேசலாம்.

யுனைடெட்டும் லிவர்பூலும் இரண்டுமே 20 லீக். 2025ல் லிவர்பூல் வந்து சமன் செய்துவிட்டது. யுனைடெட்காரன் என்ன செய்வான் என்றால், கணக்கை 1992ல் தொடங்குவான், பிரீமியர் லீக் என்று பெயர் வைத்த வருஷம். அப்படிப் பார்த்தால் 13க்கு 2. லிவர்பூல்காரன் உடனே ஐரோப்பியக் கோப்பைக்குத் தாவுவான், அங்கே 6க்கு 3. நான் எஃப்ஏ கோப்பையைத் தூக்குவேன், 13க்கு 8. மூன்றும் உண்மை. இங்கிலாந்தில் லீக் தொடங்கியது 1888ல், 1992ல் மாறியது டிவி காசும் பெயரும்தான், அதனால் 1992 கணக்கை நான் இப்போதெல்லாம் எடுப்பதில்லை. எடுத்தால் அவன் சிரிப்பான் என்பது இன்னொரு காரணம்.

பிறந்த கதைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவை வெடி மாதிரி. இன்றைக்கு லிவர்பூல் ஆடும் ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதலில் ஆடியது எவர்ட்டன் கிளப், 1891ல் லீக் ஜெயித்ததும் அங்கேதான். அடுத்த வருஷம் மைதானத்துக்குச் சொந்தக்காரர் ஜான் ஹூல்டிங்கோடு வாடகைத் தகராறு, எவர்ட்டன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. காலி மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் ஆரம்பித்ததுதான் லிவர்பூல். அதாவது ஓனர் பிரச்சினையில் பிறந்த கிளப். எங்கள் கதையும் ஒன்றும் ஒசத்தி இல்லை: 1878ல் ரயில்வே தொழிலாளிகள் ஆரம்பித்த நியூட்டன் ஹீத் 1902ல் கடனில் மூழ்கப் பார்த்தது, ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பணக்காரர் வந்து காப்பாற்றி, மான்செஸ்டர் யுனைடெட் என்று புதுப்பெயர் வைத்தார்கள். ஹூல்டிங், டேவிஸ் இருவருமே பீர் காய்ச்சி விற்ற முதலாளிகள். இதை நான் வாப்பாவிடம் சொன்னதில்லை.

ஆர்சனல்காரன் ரொம்பத் துள்ளினால் 1913ஐ எடுங்கள். வுல்விச்சில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் 1886ல் தொடங்கிய கிளப், தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே இருந்தது, கூட்டம் வரவில்லை என்று வடக்கு லண்டனுக்கு டாட்டன்ஹாமின் வாசலுக்கே குடிபோனது. 1919ல் லீக்கைப் பெரிதாக்கியபோது, இரண்டாம் டிவிஷனில் முதல் இரண்டு இடத்துக்குள்கூட வராத ஆர்சனலை ஓட்டுப் போட்டு மேலே ஏற்றினார்கள், டாட்டன்ஹாமைக் கீழே தள்ளினார்கள். நூறு வருஷம் ஆயிற்று, டாட்டன்ஹாம்காரன் இன்னும் மறக்கவில்லை. நம் பக்கத்தில் வரப்புத் தகராறு மூன்று தலைமுறை நடக்கிறது, அதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மான்செஸ்டர் சிட்டிக்கு வரலாறே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், விவரம் தெரிந்த சிட்டிக்காரனிடம் மாட்டினால் கிழித்துவிடுவான். 1937ல் லீக் ஜெயித்து, அடுத்த சீசனிலேயே டிவிஷனில் மற்ற எல்லோரையும்விட அதிக கோல் அடித்துவிட்டு கீழே இறங்கிய கிளப் அது. அப்படி ஒரு கோமாளித்தனத்தை இங்கிலாந்தில் வேறு யாரும் செய்ததில்லை. 1998–99ல் மூன்றாம் டிவிஷனில் கிடந்தார்கள், அப்போதும் சொந்த மைதானத்தில் சராசரியாக இருபத்தெட்டாயிரம் பேர் வந்தார்கள். அந்த மே மாதம் யுனைடெட் பார்சிலோனாவில் அந்த சீசனின் மூன்றாவது கப்பைத் தூக்கிய நாலாவது நாள், சிட்டி ஜில்லிங்ஹாம் என்ற சின்ன கிளப்பிடம் 2–0 என்று பின்தங்கி, 90வது நிமிஷத்திலும் அதற்கப்புறமும் அடித்து, பெனால்டியில் ஜெயித்துத்தான் ஒரு படி மேலே வந்தது. அன்றைக்கு வெம்ப்ளியில் நின்ற சிட்டிக்காரனை யாரும் ஒட்டிக்கொண்டவன் என்று சொல்ல முடியாது. நம்மூரில் சிட்டி சட்டை போட்டுத் திரிகிறவர்களில் எத்தனை பேருக்கு ஜில்லிங்ஹாம் தெரியும் என்பது வேறு விஷயம்.

இதைத் தொடாதீர்கள்

1958 பிப்ரவரி 6, மியூனிக், விமானம் நொறுங்கி 23 பேர் போனார்கள், அதில் 8 பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். 1985 ஹெய்சல் மைதானம், லிவர்பூல்–ஜுவென்டஸ் ஃபைனல், நெரிசலில் 39 பேர். 1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ மைதானம், நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். கையை விமானம் மாதிரி விரித்துக் காட்டிக் கிண்டல் செய்யும் ஒரு பழக்கம் அங்கிருந்து வீடியோ வழியாக இங்கேயும் வந்திருக்கிறது. பாம்பன் பெஞ்சில் ஒரு பையன் அதைச் செய்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர். அவருக்குப் பந்தும் தெரியாது, மியூனிக்கும் தெரியாது. "என்னப்பா அது, ஏரோப்ளேன்?" என்று கேட்டார். விளக்கம் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லாமல் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த பெஞ்சில் யாரும் அதைச் செய்வதில்லை. வேறு எங்காவது செய்தால் எழுந்து வந்துவிடுங்கள், பதில் சொல்லாதீர்கள்.

ஓனர் பேச்சு

இங்கேதான் சரக்கு அதிகம். எவன் கிளப்பும் சுத்தமில்லை என்பதால் எவனும் முதலில் வாய் திறக்கத் தயங்கும் இடம், அதனால்தான் நீங்கள் முதலில் திறக்க வேண்டும்.

அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் 2005ல் யுனைடெட்டை வாங்கியதை அந்தப் பொடியன் எப்படி விளக்கினான் தெரியுமா? விசைப்படகு ஒன்று வாங்க வேண்டும், உன் கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்குகிறாய். அந்தக் கடனில் பெரும்பங்கை உன் தலையில் எழுதாமல் படகின் தலையிலேயே எழுதிவிட்டாய். இனி அந்தப் படகு பிடிக்கும் இறாலில் முதல் கூடை வட்டிக்கு, அடுத்தது டீசலுக்கு, ஐஸுக்கு, வலைக்கு, மிச்சமிருந்தால் ஆட்களின் பங்குக்கு. அடியில் ஓட்டை விழுந்தால் அடைக்கக் காசு இருக்காது. கிட்டத்தட்ட 79 கோடி பவுண்டுக்கு நடந்தது இதுதான், அதுவரை கடன் இல்லாமல் ஓடிய படகு அது. ஓட்டை என்று சொன்னது உவமை மட்டும் இல்லை, 2024 மே மாதம் ஆர்சனலோடு ஆடிய அன்றைக்கு யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானக் கூரையிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி கொட்டியதை உலகமே பார்த்தது. அதே 2024ல் ஜிம் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் பணக்காரர் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வாங்கி உள்ளே வந்தார். வாக்குரிமையில் பெரும்பான்மை இன்னும் கிளேசர்களிடம்தான்.

எங்கள் ஆட்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2005லேயே ஒரு கூட்டம் வெளியேறி எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பித்தது. 2010ல் பழைய நியூட்டன் ஹீத்தின் பச்சை–தங்க நிறத் துண்டுகள் மைதானம் முழுக்க. 2021 மே 2, லிவர்பூலோடு ஆட்டம், நம் நேரத்துக்கு ராத்திரி 9 மணி, நான் எல்லாவற்றையும் முடித்துவிட்டு உட்கார்ந்தால் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள், ஆட்டமே தள்ளிப் போனது. பாம்பன் நண்பர் போன் செய்து, "உங்க ஆளுங்க செஞ்சது கரெக்ட்டுதாம்பா" என்றார். பதினைந்து வருஷப் பழக்கத்தில் யுனைடெட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

அவருடைய கிளப் பற்றியும் கேளுங்கள். 2007ல் ஹிக்ஸ், ஜில்லெட் என்று இரண்டு அமெரிக்கர்கள் வாங்கி, இதே மாதிரி கடனை ஏற்றி, 2010ல் முழுகும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் ஃபென்வே என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி 30 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அவர்களும் 2016ல் டிக்கெட்டை 77 பவுண்ட் ஆக்கப் பார்த்தார்கள், ஆன்ஃபீல்டில் 77வது நிமிஷத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே போனார்கள், விலையை வாபஸ் வாங்கினார்கள்.

சரி, சிட்டி. நம்மூரில் இந்தப் பேச்சை ஜாக்கிரதையாக எடுக்க வேண்டும். 2008ல் அபுதாபியின் ஷேக் மன்சூர் வாங்கினார். "எண்ணெய்க் காசு கிளப்" என்று நான் ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். அபுதாபியில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு காக்கா, சிட்டிக்காரர், மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உங்க வீட்டு மாடி எந்தக் காசுல கட்டுனது?" பெஞ்சே சிரித்தது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கே போனாலும் வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவர், இருக்கிற கரை இது, அந்தச் சொல் இங்கே திரும்பி நம் மேலேயே விழும். இப்போதென்றால் எப்படிப் பேசுவேன்? எங்கள் மாடியும் அந்தக் காசுதான் என்று முதலில் ஒத்துக்கொள்வேன். ஆனால் மாமா வாங்கியது வெயிலில் நின்றதற்குச் சம்பளம். ஒரு நாட்டின் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்தவர், இப்போது அமீரகத்தின் துணை அதிபராகவும் இருப்பவர், ஒரு கிளப்பை வாங்குவது அந்தக் கணக்கில் வராது என்பேன். 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் சிட்டி மேல் நூறுக்கு மேல் குற்றச்சாட்டு வைத்ததையும் சொல்லலாம், ஆனால் குற்றச்சாட்டு என்றே சொல்லுங்கள், நிரூபித்துவிட்ட மாதிரி பேசினால் காக்கா திரும்பவும் பிடித்துக்கொள்வார்.

பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டும் ஆர்சனல்காரனையும் விடாதீர்கள், 2006லிருந்து அவன் நெஞ்சிலும் மைதானத்திலும் இருப்பது துபாய் விமானக் கம்பெனியின் பெயர். செல்சி 2003ல் ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச் ஓனராக வருவதற்கு முன் ஜெயித்த லீக் ஒன்றே ஒன்று, 1955ல். நியூகாசில் 2021லிருந்து சவுதி அரசின் முதலீட்டு நிதியிடம். பாரிஸ் 2011லிருந்து கத்தார். பார்சிலோனாக்காரன் வந்து "எங்க கிளப் உறுப்பினர்களோடது, ஓனரே கிடையாது" என்பான். உண்மைதான், மாட்ரிட்டும் அப்படித்தான். ஓனர் இல்லாமலேயே நூறு கோடி யூரோவுக்கு மேல் கடன் ஏறி, 2021ல் மெஸ்ஸியை அழ அழ அனுப்பியதும் அதே கிளப்தான் என்று ஞாபகப்படுத்துங்கள். ஜெர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று லீக் விதியே உண்டு, ஆனால் நம் பெஞ்சில் டார்ட்மண்ட்காரன் யாரும் இல்லாததால் அந்தப் பெருமையை யாரும் பேசுவதில்லை.

வாக்குவாதம் சூடேறிப் போனால் கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது: 2021 ஏப்ரல், சூப்பர் லீக், ஐரோப்பாவின் பணக்கார கிளப்புகள் தங்களுக்கென்று தனியாக ஆரம்பிக்கப் பார்த்த போட்டி. ஆர்சனல், செல்சி, லிவர்பூல், சிட்டி, யுனைடெட், டாட்டன்ஹாம், ஆறும் கையெழுத்துப் போட்டன. மூன்று நாளுக்குள் ரசிகர்கள் தெருவுக்கு வந்து, ஆறும் பின்வாங்கின. இதைச் சொன்னால் பெஞ்சு மொத்தமும் கொஞ்ச நேரம் அமைதியாகும், அந்த இடைவெளியில் இன்னொரு டீ சொல்லலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று யாராவது ஆரம்பித்தால் கல்கத்தாவுக்குப் போங்கள். மோகன் பகான் 1889, வெறுங்காலோடு ஆடி 1911ல் ஆங்கிலேய ராணுவ அணியை 2–1 என்று ஜெயித்து ஐஎஃப்ஏ ஷீல்டை எடுத்த கிளப். ஈஸ்ட் பெங்கால் 1920. ஒருவர் ஜெயித்தால் வீட்டில் இறால், இன்னொருவர் ஜெயித்தால் இலிசு மீன், மீன் சந்தையில் விலையே ஏறும் என்பார்கள். அந்த மோகன் பகான் 2020ல் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடுவதற்காக அதே ஊர் கிளப்பான ஏடிகேவோடு சேர்ந்து, பெயருக்கு முன்னால் ஏடிகேவைச் சுமந்தது. ரசிகர்கள் மூன்று வருஷம் விடவில்லை, அந்த மூன்றெழுத்தை எடு, எடு என்று. 2023ல் எடுத்தார்கள், எடுத்துவிட்டு பின்னால் சூப்பர் ஜெயன்ட் என்று ஓனரின் வேறொரு பெயரை ஒட்டினார்கள். இறால் தின்கிற ரசிகனுக்கு மரியாதை கொடுக்க வேண்டியது நம் கரையின் கடமை, எனவே நான் மோகன் பகான்.

சில்லறை விஷயங்கள்

தோற்ற அன்றைக்கு ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள், ஜெயித்த அன்றைக்கு ஒன்று போதும். சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் நம் நேரத்துக்கு நடுராத்திரி 12:30, குளிர்காலத்தில் 1:30. விடிகாலை கடலுக்குப் போகிறவரை மூன்று மணிக்கு போன் செய்து கலாய்க்காதீர்கள், ஒருமுறை செய்தேன், அவர் சம்சாரம் எடுத்தார். பந்தயம் காசாக வேண்டாம், தொதல் இனிப்பு போதும். ஆனால் அரைக் கிலோவுக்கு மேல் போனால் அதுவும் காசுதான்.

அப்புறம் இன்னொன்று. கடந்த மின்னொளிப் போட்டியின்போது எங்கள் தெரு டீமிடம் நுழைவுக் கட்டணம் கட்டக் காசு இல்லை. ஒரு ஐஸ் கம்பெனி முதலாளி கட்டணமும் கட்டி, பதினான்கு சட்டையும் எடுத்துக் கொடுத்தார், டீம் பெயருக்கு முன்னால் கம்பெனி பெயர் வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. நாற்பது வருஷப் பெயர், எங்கள் வாப்பாமார் வைத்தது. அறிவிப்பாளர் மைக்கில் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டார். லெஃப்ட் விங்கில் ஆடியது அந்தப் பத்தாவதுப் பொடியன்தான். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவனிடம் போய்க் குனிந்து, "ஏன்டா, இப்ப நம்ம டீமோட ஓனர் யாருடா?" என்று கேட்டேன்.

நெஞ்சில் இருந்த பெயரை ஒருமுறை பார்த்தான். "செமிஃபைனல் முடியட்டும் காக்கா," என்றான், "அப்புறம் போராட்டம் பண்ணுவோம்."